பர்னார்டு நட்சத்திரத்துக்கு மூன்று நாள்

கேசவனின் மகள் இளவரசி பெங்களூரில் என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்பதற்குக் கோட்டைக்குப்பத்தில் நான்கு பதில்கள் புழங்கின. ராக்கெட் விடுகிறாள் என்பது ஒன்று. ஏரிக்கு வடக்கே ராக்கெட் கிளம்புவதைப் பார்த்தே வளர்ந்த ஊருக்கு வானம் என்றால் வேறென்ன தோன்றும். மழை ஆபீசில் இருக்கிறாள் என்பது இன்னொன்று. பெரிய படிப்பு ஜோசியம் என்று நம்பிய ஒரு குடும்பம், அவள் பொங்கலுக்கு வந்திருந்தபோது பையனின் ஜாதகத்தோடு வாசலில் வந்து நின்றது. நான்காவது பதில் அவளுடைய அம்மா வேலம்மாவுடையது: "இன்னாவோ லைட்டப் பாக்குறாளாம்." உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது இதுதான். வேலம்மா அதை அலுப்போடு சொன்னதால் யாரும் நம்பவில்லை.

அவள் பார்த்துக்கொண்டிருந்தது பர்னார்டு என்ற சின்னச் சிவப்பு நட்சத்திரம். சிவப்புக் குறுமீன் என்பது அந்த வகைக்குப் பெயர். நம் சூரியனுக்கு மிகப் பக்கத்தில் இருப்பவற்றில் அது ஒன்று. ஆனால் வெறும் கண்ணுக்குத் தெரியாது. எங்கெங்கோ இருப்பவையெல்லாம் இருட்டியதும் பளிச்சென்று வந்து நிற்க, பக்கத்து வீட்டுக்காரன் மட்டும் விளக்கை ஏற்றாமல் உட்கார்ந்திருக்கிறான்.

அதைச் சுற்றிக் கிரகம் உண்டா என்ற விஷயத்தில் விஞ்ஞானிகள் பட்ட அவஸ்தை தனிக்கதை. அரை நூற்றாண்டுக்கு முன்பு உண்டு என்றார்கள். பிறகு, அது தொலைநோக்கியின் கண்ணாடியைக் கழற்றி மாட்டியதில் வந்த கோளாறு என்றார்கள். இளவரசி ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது புதிதாக ஒன்று உண்டு என்றிருந்தது. மறு வருஷம் அதுவும் இல்லை என்றானது. ஐந்தாவது வருஷம் வேறொன்று உண்டு என்றார்கள்; சில மாதம் கழித்து, ஒன்றல்ல நான்கு என்றார்கள். அந்தச் செய்தி வந்த அன்று அவள் வீட்டுக்குப் போன் செய்தாள். கேசவன் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பானை மூடிமேல் வைத்தார். சாப்பிட வந்திருந்த வேலம்மாவின் தம்பி முரளியும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நாலும் பூமியவிடச் சின்னது நைனா. கிட்ட இருக்கறது ரெண்டு நாளும் சொச்சத்துல ஒரு சுத்து சுத்திடுது. அதான் அங்க ஒரு வருசம்."

"அப்ப ரெண்டு நாளைக்கு ஒரு பொங்கலா?" என்றாள் வேலம்மா. "புதுப்புடவை எவன் எடுத்துக் குடுப்பான்?"

"அக்கா, அங்க பொறந்திருந்தா எனுக்கு இந்நேரம் ஆறாயிரம் வயசு ஆயிருக்கும்" என்றான் முரளி.

"அப்பவும் எங்க ஊட்லதான் துன்னுகினு இருப்ப."

கேசவன் காரியத்துக்கு வந்தார். "அங்க தண்ணி கீதாம்மா?"

"இருக்காது நைனா. சூடு ஜாஸ்தி."

"அப்பறம் இன்னாத்துக்கு அதைப் போய்ப் பாக்குறது?"

"அந்த நட்சத்திரம் வயசானது, சாது. ஆனா எப்பவாவது திடீர்னு குபீர்னு எரியும். எத்தினி வாட்டி எரியுதுன்னு தெரிஞ்சாதான், அந்த நாலுல காத்து தங்கியிருக்குமா, அடிச்சிகினு போயிருக்குமான்னு சொல்ல முடியும்."

"வயசானது, சாது, திடீர்னு எரியும்" என்று வேலம்மா விரல் விட்டு எண்ணிவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். "இதைப் பாக்க பெங்களூருக்கா போன? வாசல்லயே உக்காந்து பாத்திருக்கலாமே."

கேசவனுக்கு ஐம்பத்தைந்து வயது. அவர் வாழ்க்கையை ஒரே ஒரு பட்டியல் நடத்திவந்தது என்று சொன்னால் மிகையில்லை. ஏரியில் இறால் வரும் நீரோட்டத்தின் குறுக்கே கழி நட்டு வலை கட்டலாம். ஆனால் நினைத்தவன் நினைத்த நாளில் கட்ட முடியாது. ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, இன்ன நாள் இன்ன இடம் இன்னாருக்கு என்று எழுதிவிடும். அதற்குப் பாடு என்று பெயர். கல்யாணமான ஆம்பிளை பெயர்தான் பட்டியலில் ஏறும். இருபத்திரண்டு வயதில் கேசவன் வேலம்மாவை அவசரமாகக் கட்டிக்கொண்டதற்குக் காதல் காரணமில்லை என்று சொல்லிவிட முடியாது. அவசரத்துக்குக் காரணம் பட்டியல்.

பட்டியலில் ஒரே ஒரு ஈவிரக்கமற்ற விதி உண்டு. உன் நாளில் மழை கொட்டினாலும், ஓட்டம் செத்துக் கிடந்தாலும், அந்த நாள் போனது போனதுதான். ஈடு கிடையாது. ஆனால் முன்கூட்டியே இரண்டு பேர் ஒத்துக்கொண்டு, ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லி, நாளை மாற்றிக்கொள்ளலாம். இதில்தான் கேசவன் கெட்டிக்காரர். காற்றைப் பார்த்து, ஒரு வாரம் கழித்து எப்படி இருக்கும் என்று சொல்வார். பத்துக்கு ஆறு சரியாக வரும். ஊர் அந்த ஆறை மட்டும் ஞாபகம் வைத்திருந்தது, கேசவனும்தான்.

மகள் மலைமேல் இருக்கும் தொலைநோக்கியைப் பற்றி முதன்முதலாகச் சொன்ன நாளில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரே ஒரு பெரிய தொலைநோக்கி. பார்க்க வேண்டியவர்கள் நூறு பேர். கமிட்டி கூடி, இன்ன நாள் இன்னாருக்கு என்று எழுதிவிடும். மேகம் வந்தால் போனது போனதுதான்.

"இது நம்ம பாடுதானேம்மா!"

"கிட்டத்தட்ட அதேதான் நைனா."

நட்சத்திரம் எது, கிரகம் எது என்பது கடைசிவரை அவருக்குக் குழப்பமாகவே இருந்தது. ஆனால் தன் மகள் எதற்காகக் காத்துக்கிடக்கிறாள் என்பது அவளுடைய பேராசிரியரைவிட அவருக்கு நன்றாகப் புரிந்தது. இரண்டு வருஷம் அவளுக்கு நாள் விழுந்தது. இரண்டு வருஷமும் மலையில் மழை. ஒவ்வொரு தடவையும் கேசவன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்த வருஷம் மே பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. கடைசி வாய்ப்பு. ஜூலையோடு அவளுடைய உதவித்தொகை முடிகிறது. அதற்குள் ஆராய்ச்சியை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஐந்து அத்தியாயம் ஆகிவிட்டது. ஆறாவதில்தான் நட்சத்திரம் எத்தனை தடவை எரிகிறது என்ற கணக்கு வரவேண்டும். மற்ற ஐந்தும் அதைத் தாங்கப் போட்ட அஸ்திவாரம்.

மே நாலாம் தேதி சாயங்காலம் கேசவன் கரையில் நின்றார். கச்சான் காற்று, மேற்கிலிருந்து, அனலாக அடித்தது. பொன்னேரிப் பக்கம் மேகம் மூட்டை மூட்டையாக ஏறி, கீழே மின்னல் வெட்டியது. அவர் தலையைச் சாய்த்து, எச்சில் தொட்ட விரலை உயர்த்தி, தண்ணீரின் நிறத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"பத்துத் தேதிக்கு மேல ஒரு வாரம் ஊத்தும். அப்பறம் சுத்தமா வெளுத்துடும்" என்றார்.

"அதுக்கு?" என்றாள் வேலம்மா.

"அவ நாளு பன்னண்டுல வருது."

"நீ இன்னா பண்ணப் போற? மேகத்துக்குக் கழி நட்டு வலை கட்டப் போறியா?"

கேசவன் மகளுக்குப் போன் செய்து, அவளுக்கு அடுத்த வாரம் யாருக்கு நாள் என்று சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டார். மனோஜ் என்று ஒரு ஜூனியர், பத்தொன்பதிலிருந்து மூன்று நாள், தன் கருவியைச் சரிபார்க்க இப்போதே மலையில்தான் தங்கியிருக்கிறான் என்று அவளும் சாதாரணமாகச் சொன்னாள். மறுநாள் விடியலில் எட்டு ஏரி நண்டு பிடித்து, கால்களைக் கட்டி, ஈரச் சாக்கில் போட்டுக்கொண்டு கேசவன் பஸ் ஏறினார். பொன்னேரியில் ரயில், சென்ட்ரலில் வேறு ரயில், வாணியம்பாடியில் மலைக்குப் போகும் பஸ். நாள் மாற்றக் கேட்டுப் போகிறவன் வெறுங்கையோடு போகக்கூடாது என்பது கோட்டைக்குப்பத்து மரியாதை. அதை விஞ்ஞானத்துக்கும் பொருத்திப் பார்த்த முதல் ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும்.

வாசலில் மூர்த்தி என்ற காவல்காரர் மறித்தார்.

"இன்னா மூட்டை அது? அசையுது?"

"நண்டு. மனோஜ் தம்பிக்கு."

"ஆர்டர் பண்ணாரா?"

"இல்ல. தெரியாது அவருக்கு."

"நீங்க யாருன்னு அவருக்குத் தெரியுமா?"

"அதுவும் தெரியாது."

இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். மத்தியானம் மூன்று மணி, அவனுக்கு அது விடியல். கேசவன் தன்னைச் சொன்னார், சாக்கை நீட்டினார். பையன் ஓரடி பின்னால் போனான்.

"சார், நான் வெஜிடேரியன்."

முப்பது வருஷத்தில் எத்தனையோ பேரிடம் நாள் மாற்றிக் கேட்டிருக்கிறார்; இப்படி ஒரு முட்டுக்கட்டையை அவர் பார்த்ததில்லை.

"நான் இல்ல" என்றார் மூர்த்தி, பின்னாலிருந்து.

நண்டு கை மாறியதும் கேசவன் விஷயத்தைச் சொன்னார். பன்னிரண்டிலிருந்து மழை. அடுத்த வாரம் வெளுப்பு. இரண்டு பேரும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

மனோஜ் கொஞ்சம் யோசித்தான். "அப்ப மழை எனக்கா சார்?"

கேசவன் பொய் சொல்லத் தெரியாதவர் அல்ல. ஆனால் நாள் மாற்றுகிற இடத்தில் சொல்ல மாட்டார். "ஆமாம் தம்பி. ஒனக்குத்தான். ஆனா ஒனக்கு அடுத்த வருசமும் நாள் விழுமாம். அவளுக்கு இதான் கடைசி."

பையன் சிரித்துவிட்டான். "என்னோட கேலக்ஸி எங்கயும் போயிடாது. எனக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு." உடனே இளவரசியைக் கூப்பிட்டான். "அக்கா, உங்க அப்பா இங்க வந்திருக்காரு." அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுப் போனைக் கேசவனிடம் கொடுத்தான்.

"நைனா! நீ அங்க இன்னா பண்ற? என் மானத்த வாங்கறதுக்குன்னே போனியா?"

"காத்து கச்சானுக்குத் திரும்பிடுச்சும்மா" என்றார் கேசவன்.

அவளிடம் வானிலை அறிக்கை இருந்தது. அது இரண்டு வாரத்துக்கும் இடியுடன் கூடிய மழைக்கு வாய்ப்பு என்று பட்டும் படாமலும் சொல்லியிருந்தது. செயற்கைக்கோள் படங்கள் இருந்தன. அவை இன்றைய மேகத்தைக் காட்டின. ஆறு வருஷமாக, அளந்து பார்க்காத எதையும் நம்பாதே என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவள் சிறுபிள்ளையாக இருந்தபோது, நைனா மழை என்றால் பள்ளிக்கூடத்துக்குக் குடை எடுத்துப் போவாள், ஊரே சிரிக்கும், திரும்பி வரும்போது ஊர் நனைந்து நிற்கும்.

"மனோஜ்கிட்ட குடு. ஃபாரத்துல கையெழுத்து போட்டு அனுப்பறேன்" என்றாள்.

பன்னிரண்டாம் தேதி மாலை கோட்டைக்குப்பத்தில் மழை பிடித்தது. அப்படி ஒரு மே மாத மழையை யாரும் பார்த்ததில்லை. தெருவில் முழங்கால் தண்ணீர் ஓடியது. அன்று பாடு விழுந்திருந்தவர்கள் கழியைக் கரையில் சாய்த்துவிட்டு வானத்தைத் திட்டினார்கள். கேசவன் மட்டும் கல்யாண வீட்டுக்காரரைப்போல வாசலில் நனைந்துகொண்டு நின்றார்.

"மாமா, உன்ன கையில புடிக்க முடியாதே இனிமே" என்றான் முரளி. "தேதி போட்டு மழைய வரவெச்சிட்டியே!"

கேசவன் மகளைக் கூப்பிட்டார். "கேக்குதா சத்தம்? கூரை மேல கேளு! நான் இன்னா சொன்னேன்?"

"கேக்குது நைனா." அவள் குரல் அடங்கியிருந்தது. "மனோஜ் இப்பதான் போட்டோ அனுப்பினான். மலையில ஒரு மேகம் இல்ல."

கேசவன் போனை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றினார், அந்தக் காதில் வேறு செய்தி கிடைக்கும் என்பதுபோல.

காற்றை அவர் தப்பாகப் படிக்கவில்லை, அதுதான் கொடுமை. எந்தக் கரையில் நின்று படித்தாரோ அந்தக் கரைக்கு அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்தது. ஏரிக்கரைக் காற்றுக்கு, இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் மலையைப் பற்றி எந்தப் பொறுப்பும் இல்லை என்பதை அவருக்கு யாரும் சொன்னதில்லை. அவர் நாள் மாற்றிய இடமெல்லாம் ஏரிக்குள்ளேயே இருந்தது.

"இப்ப திருப்பி மாத்திக்கக் கூடாதா? அந்தப் பையன் நல்ல பையன்மா."

"அவனே கேட்டான் நைனா. ஒரு நாள் எடுத்துக்கோங்கன்னான். ஆனா அவனோட கருவிய தொலைநோக்கியில மாட்டிட்டாங்க. அத கழட்டி என்னோடத மாட்டவே ஒரு நாள் ஆவும். விடு. பத்தொம்போது இருக்கே."

மூன்று நாளும் மலை வானம் கண்ணாடியாகக் கிடந்தது. மனோஜுக்குக் கிடைத்த படங்களைப்போல அந்த வருஷம் யாருக்கும் கிடைக்கவில்லையாம். அவன் அதற்காக இளவரசியிடம் மன்னிப்புக் கேட்டான். எதற்கு மன்னிப்பு என்று இருவருக்கும் தெரியவில்லை.

பதினெட்டாம் தேதி இளவரசி மலைக்குப் போனாள். பத்தொன்பதாம் தேதி கோட்டைக்குப்பம் வெளுத்தது. கேசவன் சொன்ன மாதிரியே. சாயங்காலம் ஏரிமேல் ஒரு பிசிறு மேகம் இல்லை. முதல் நட்சத்திரம் வரும்போது அதன் பிம்பம் தண்ணீரில் அசையாமல் நின்றது. இப்படி ஒரு தெளிந்த வானத்தை இத்தனை வெறுப்போடு பார்த்த மனிதர் அந்தக் கரையில் வேறு இருந்திருக்க மாட்டார். மகள் போன் செய்யவில்லை. அவரும் செய்யவில்லை. வேலம்மா இரண்டு தடவை போனை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள்.

காலையில் செய்தி வந்தது: மழை. மறுநாள் காலையும் அதே. மூன்றாம் நாள் காலை அவளே கூப்பிட்டாள்.

"ஒரு இருவது நிமிசம் மேகம் விலகுச்சு நைனா. பாத்தேன்."

கேசவன் எழுந்து நின்றுவிட்டார். "எரிஞ்சுதா?"

"இல்ல. சும்மா இருந்துச்சு."

"போதுமா அது?"

"இருவது நிமிசம் சும்மா இருந்துச்சுன்னு எழுதலாம். வியாழக்கிழமை என் ஆராய்ச்சிக்கு கமிட்டி கூடுது. எங்க புரொபசர் பேசறேன்னு சொல்லியிருக்காரு. நைனா, நீ யாரையும் போய்ப் பாக்காத."

"பாக்கல."

"யாருக்கும் போனும் பண்ணாத."

"பண்ணலம்மா."

வியாழக்கிழமை கேசவனுக்குச் செய்ய எத்தனையோ வேலை இருந்தது. அவர் ஒரே வலையை இரண்டு தடவை உதறிக் காயப்போட்டார். காற்று எந்தப் பக்கம் என்று முரளி கேட்டான்.

"தெரியாது" என்றார் கேசவன்.

"இன்னா மாமா, ஒனக்கேவா?"

"தெரியாதுடா. போ."

பன்னிரண்டரைக்குப் போன் வந்தது. கமிட்டி நியாயமாகத்தான் நடந்துகொண்டது. ஐந்து அத்தியாயம் நன்றாக இருக்கிறது, அதோடு எழுதிக் கொடு, பட்டம் கிடைக்கும் என்று சொல்லிவிட்டார்கள். ஆறாவது வேண்டாம். இருபது நிமிடத்தை வைத்து ஒரு நட்சத்திரத்தின் குணத்தைச் சொல்ல முடியாது என்றார்கள். அதை அவளும் ஒத்துக்கொண்டாள்.

"அப்ப பட்டம் வந்துடும்" என்றார் கேசவன்.

"வந்துடும்."

"ஆனா நீ கேட்டதுக்குப் பதில் வரல."

அம்மாவிடமும் ஊரிடமும் பட்டம் என்று சொன்னால் முடிந்துவிடும், இவரிடம் முடியாது. "வேற நாட்டுல யாராவது பாப்பாங்க நைனா. அடுத்த வருசமோ அதுக்கடுத்த வருசமோ. கேள்வி என்னோடது இல்லியே. யாரு வேணா கேக்கலாம்."

"நான் சும்மா இருந்திருந்தா உன் மூணு நாளும் கெடச்சிருக்கும்."

"கையெழுத்து நான்தான் போட்டேன்."

"நான் சொன்னதால போட்ட."

அவள் அதை மறுக்கவில்லை. இல்லை என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்கவும் மாட்டார். அந்தப் பக்கம் யாரோ அவளைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. வரேன் என்று அங்கே சொல்லிவிட்டு, போனை வைக்காமல் இருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும்மா" என்றார். நான்கு நாளாக அவரை அரித்துக்கொண்டிருந்த விஷயம். "அந்த வெளிச்சம் இங்க வந்து சேர எத்தினி நாளு ஆவுது?"

"ஆறு வருசம். கொஞ்சம் கம்மி."

"அப்ப அந்த மூணு நாளுல வந்தது, நீ பெங்களூருக்கு மூட்ட கட்டுனியே, அந்த வருசம் அங்கேர்ந்து கெளம்புனது."

அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். "ஆமா நைனா. அந்த ஜூன் மாசம்."

"ஆறு வருசமா நிக்காம வந்து, கடைசியா நம்ம மலை மேல வந்து மேகத்துல மோதிகினு நின்னுடுச்சு."

"ம்."

"என் நாளு போனா, அந்த இறால் அடுத்த நாளு வேற ஒருத்தன் வலையில வுழும். கெட்டுப் போவாது. இது எங்க போச்சு?"

இளவரசி இதை யோசித்ததில்லை. யோசித்தாள், அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது அதுதான்.

"பாதி திரும்பி மேல போயிருக்கும். மிச்சம் மேகத்தைச் சூடாக்கியிருக்கும்."

"எவ்ளோ?"

"அளக்கற அளவுக்கு இல்ல நைனா" என்றாள்.